விலாசம் மாறினால் பத்து நாளுக்குள்: ஓர் அமெரிக்க அட்டையின் வரலாறு

கொழும்பில் ஒரே ஆசிரியபீடத்தில் என்னோடு நீண்ட காலம் பணியாற்றிய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். அவரது பெறாமகன் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தவர். அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் கோரி, அதாவது கிறீன் கார்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்த அட்டைக்காக, விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் வேலை நிமித்தம் நியூ ஜேர்சிக்கு வீடு மாறவேண்டி வந்தது. தபாற் கந்தோரில் முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வங்கிக்கு அறிவித்தார். தொலைபேசிக் கம்பனிக்கு அறிவித்தார். குடிவரவு அலுவலகத்துக்குத் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தபாற் கந்தோரும் அரசாங்கந்தானே, ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரிந்துவிடாதா என்று நினைத்திருக்கிறார்.

கைவிரல் அடையாளம் பதிய வரும்படி அழைத்த கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிற்று. மேல்மாடியில் குடியிருந்த பஞ்சாபிக் குடும்பத்தினர் அதனை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, இவரது தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னபடியால், குறித்த திகதிக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது கடிதம் கைக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால்? விதி தெளிவானது. அழைக்கப்பட்ட நேரத்துக்குச் சமுகமளிக்காதவர் தமது விண்ணப்பத்தைக் கைவிட்டவராகக் கருதப்படுவார், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முகவரி மாற்ற அறிவித்தலோ, வேறொரு திகதி தரும்படியான வேண்டுகோளோ அந்த நேரத்துக்கு முன்னதாக அலுவலகத்துக்குக் கிடைத்து, அதனை அலுவலகம் தகுந்த காரணமாக ஏற்றுக்கொண்டால் மாத்திரமே விலக்கு உண்டு.

"பெடியன் தப்பியிட்டான். அது சரி, உந்தப் பத்து நாள் கணக்கு எங்கையிருந்து வந்தது, ஐசே? வீடு மாறினதைச் சொல்லுறதுக்கும் ஒரு குற்றவியல் சட்டமோ?" என்று நண்பர் கேட்டார். செய்தி ஆசிரியராக இருந்தவரல்லவா, கேள்வியை விடமாட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் எம்மவர் பலருக்கும் இது உதவக்கூடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பதாரிக்குக் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும் என்ற அக்கறையில் பிறந்த விதியல்ல இது. அந்நியனைத் தேவைப்படும்போது தேடிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. இந்தப் பிறப்பைத் தெரிந்துகொள்ளாதவருக்கு, இன்றைய குழப்பங்கள் பலவும் வெறும் அலுவலக அசிரத்தையாகவே தோன்றும்.

வெளிநாட்டவரைப் பதிவேட்டில் ஏற்றும் பழக்கம் அமெரிக்காவுக்கு முன்னரே இருந்தது. 1892 ஆம் ஆண்டின் கியரி சட்டம் சீனத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் வதிவிடச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபடுபவர், தாம் சட்டப்படி குடியிருந்தவர் என்பதை நிரூபிக்க வெள்ளையர் ஒருவரையேனும் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சட்டம் செல்லுமென 1893 இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனினும் அது ஓர் இனத்தாரை மட்டும் குறிவைத்த ஏற்பாடு. எல்லா வெளிநாட்டவரின் முகவரியையும் வாஷிங்டன் கையில் எடுத்துக்கொண்டது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

1940 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை எண்ணிப் பாருங்கள். பாரிஸ் வீழ்ந்துவிட்டது. ஐந்தாம் படை என்ற சொல் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபடுகின்றது. அதுவரை தொழில் திணைக்களத்தின் கீழ் இருந்த குடிவரவுச் சேவை அந்த மாதத்திலேயே நீதித் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. வெளிநாட்டவர் என்றால் வேலைக்கு வந்தவர் என்ற பார்வை மாறி, கண்காணிக்கப்பட வேண்டியவர் என்ற பார்வை வந்ததற்கு இந்த இடமாற்றமே போதிய சாட்சி. ஜூன் 28 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்நியர் பதிவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வேர்ஜினியாப் பிரதிநிதி ஹவார்ட் ஸ்மித்தின் பெயரால் ஸ்மித் சட்டம் என்று வரலாற்றில் அறியப்படுவது இதுதான். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களைச் சிறையிலடைக்கப் பயன்பட்டதால், எழுதுவோர் அந்தப் பகுதியைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டார்கள். பதிவுப் பகுதி, இலட்சக்கணக்கான குடும்பங்களைத் தொட்ட பகுதி, மறைந்துபோயிற்று.

பதிவு 1940 ஓகஸ்ட் 27 இல் தொடங்கி டிசம்பர் 26 வரை நடந்தது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அனைவரும் போக வேண்டும். எங்கே போகவேண்டும் என்பதில்தான் அதிகாரிகளின் சாதுரியம் தெரிகின்றது. பொலிஸ் நிலையத்துக்கு அல்ல, தபாற் கந்தோருக்கு. முத்திரை வாங்கவும் காசுக்கட்டளை அனுப்பவும் தினமும் போய்வரும் இடத்தில் படிவத்தை நிரப்பி, விரல்களையும் மையில் தோய்த்துப் பதித்துவிட்டு வரலாம். பெயர், பிறந்த இடம், உயரம், நிறை, எந்தக் கப்பலில் வந்தீர், என்ன தொழில், எந்தச் சங்கங்களில் உறுப்பினர், எப்போதாவது கைது செய்யப்பட்டீரா என்றெல்லாம் கேள்விகள். படிவங்கள் வாஷிங்டனுக்குப் போயின. பதிவு செய்தமைக்கான பற்றுச்சீட்டு அட்டை, கொடுத்த விலாசத்துக்குத் தபாலில் வந்தது. 1944 மார்ச் வரையில் ஏறத்தாழ 56 இலட்சம் பதிவுப் படிவங்கள் சேர்ந்துவிட்டன. இன்றைக்கு அவற்றைத் தேடிப் பணம் கட்டிப் பிரதி எடுப்பவர்கள் பேரப்பிள்ளைகள்; பாட்டனார் 1940 இல் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று அறியும் ஆசையில்.

இந்தச் சட்டத்தின் ஒரு பிரிவில்தான் எங்கள் கதை ஆரம்பமாகின்றது. நாட்டில் வதியும் வெளிநாட்டவர் வீடு மாறினால் ஐந்து நாட்களுக்குள் புதிய முகவரியை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வதிவாளரல்லாத ஏனையோர், மாறினாலும் மாறாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்க வேண்டும். முதலில் இருந்தது பத்து நாள் அல்ல, ஐந்து நாள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். பதிவுக்கு அத்தாட்சியாக வந்த அந்தப் பற்றுச்சீட்டு அட்டையின் வாரிசுதான் கிறீன் கார்ட். பிற்காலத்தில் நிரந்தர வதிவாளருக்கு வழங்கப்பட்ட பச்சை நிற அட்டையின் உத்தியோகபூர்வப் பெயரும் அந்நியர் பதிவுப் பற்றுச்சீட்டு அட்டை என்பதேயாகும். நம்மவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த அட்டை, "உன் விலாசம் எங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டது" என்பதற்கான பற்றுச்சீட்டாகவே தன் வாழ்வைத் தொடங்கியது.

போர் முடிந்தது, பயம் முடியவில்லை. ஜேர்மானியரின் இடத்தை ரஷ்யர் பிடித்துக்கொண்டார்கள். 1950 இல் செனட்டர் மக்கரன் கொண்டுவந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டவர் ஆண்டுதோறும் ஜனவரியில் தமது முகவரியை அறிவிக்க வேண்டும் என்றது. 1952 இல் ஜனாதிபதி ட்ரூமன் மறுப்பாணையிட்டும் காங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்றிய மக்கரன் - வோல்ட்டர் சட்டம் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியது. ஜனவரி அறிவிப்பு நீடித்தது. அத்துடன் வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நண்பர் கேட்ட பத்து நாள் இங்கிருந்துதான் வருகிறது. தவறினால் 200 டொலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. அவை போகட்டும், தண்டனை விதிக்கப்பட்டாலும் விதிக்கப்படாவிட்டாலும் அப்படித் தவறியவரை நாடு கடத்தலாம் என்றும் சட்டம் சொல்லியது. தவறியமைக்கு நியாயமான காரணம் இருந்தது, அல்லது வேண்டுமென்று செய்யவில்லை என்று அவரே காட்டினாலன்றித் தப்ப முடியாது. காட்டவேண்டிய பொறுப்பு யாருடையது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நிரந்தர வதிவாளருக்கும் மாணவருக்கும் ஒரே சட்டம். இராஜதந்திரிகள் போன்ற சிலருக்கே விலக்கு.

முப்பது ஆண்டுகள் வரை, ஜனவரி பிறந்தால் முகவரி அட்டை என்பது அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டவரின் வாழ்வில் ஒரு சடங்காக இருந்தது. அட்டை தபாற் கந்தோரில் கிடைக்கும். நிரப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, ஜனாதிபதி கார்ட்டரின் பணிப்பில், ஈரானிய மாணவர்கள் அனைவரும் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் சென்று தமது வதிவிடத்தையும் படிப்பையும் நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஒரு கீழ் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. மேன்முறையீட்டில் செல்லும் என்றாயிற்று. அதன் பின் 1981 டிசம்பரில் காங்கிரஸ் ஜனவரி அட்டையை ஒழித்துவிட்டது. ஒழித்த அதே கையால், எந்த நாட்டினரை வேண்டுமானாலும் பத்து நாள் முன்னறிவித்தலுடன் முகவரி தரும்படி கட்டளையிடும் அதிகாரத்தைச் சட்டமா அதிபருக்குக் கொடுத்தது. வீடு மாறினால் பத்து நாளுக்குள் என்ற விதியும் அப்படியே இருந்தது. ஏ.ஆர்.11 என்ற சிறிய அட்டைதான் அதற்குரிய படிவம்.

பிறகு அந்த விதி தூங்கிவிட்டது. அதிகாரிகள் அதனைப் பெரும்பாலும் வற்புறுத்தவில்லை. வெளிநாட்டவரில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்கா சென்ற நம்மவர் எத்தனை பேர் நண்பர் வீடு, உறவினர் வீடு, மலிந்த வாடகை அறை என்று ஆண்டுக்கு இரு தடவை மாறியிருப்பார்கள்! எவரேனும் அட்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2001 செப்டெம்பர் 11 அந்தத் தூக்கத்தைக் கலைத்தது. 2002 ஜூலையில் சட்டமா அதிபர் ஜோன் அஷ்குரொஃப்டின் திணைக்களம், முகவரி விதி இனி வற்புறுத்தப்படும் என்று அறிவித்தது. அச்சமுற்ற மக்கள் அட்டைகளை அனுப்பத் தொடங்கினர். அட்டைகள் வந்து குவிந்தபோது வெளிவந்த செய்திதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது. மிஸூரி மாநிலத்துக் கன்சாஸ் சிற்றிக்கு அருகே, சுண்ணக்கல் அகழ்ந்த பாதாளச் சுரங்கமொன்றில் அமைந்த களஞ்சியத்தில், குடிவரவுச் சேவையின் ஆவணங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றுள் சுமார் 2 இலட்சம் முகவரி மாற்றப் படிவங்களும் இருந்தன. ஒருவரும் அவற்றைக் கணினியில் பதிந்திருக்கவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து பத்து நாளுக்குள் அறிவித்தவரின் அட்டை பாதாளத்தில். அறிவிக்கத் தவறியவருக்கோ நாடு கடத்தல்.

அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸின் கணக்காய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாக்குதல்களின் பின்னர் விசாரிப்பதற்கெனத் தெரிவுசெய்யப்பட்ட நாலாயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரை, நம்பகமான முகவரி இல்லாமையால், கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அது சொல்லியது. ஆளைப் பிடிப்பதற்காக 62 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய ஏற்பாடு, ஆளைப் பிடிக்க வேண்டிய நாளில் உதவவில்லை. 2003 மார்ச்சில் பழைய குடிவரவுச் சேவை கலைக்கப்பட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் மூன்று நிறுவனங்களாகப் பிரிந்தது. விதி மட்டும் பிரியவில்லை.

இனி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரின் பாட்டுக்கு வருவோம். ஏ.ஆர்.11 அட்டை சட்டத்தின் பதிவேட்டுக்கு உரியது. விண்ணப்பக் கோவை வேறு. நீண்ட காலமாக இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாமலேயே இருந்தன. அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டால் சட்டக் கடமை நிறைவேறிவிடும். ஆனால் நிலுவையில் உள்ள விண்ணப்பத்தின் முகவரி மாறாது. கோவையில் உள்ள முகவரியை மாற்ற, வழக்கு இலக்கத்துடன் தனியாக அறிவிக்க வேண்டும். மூன்று விண்ணப்பம் இருந்தால் மூன்று தடவை. கோவை வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தால் அதையும் விண்ணப்பதாரியே அறிந்திருக்க வேண்டும். 1940 இல் இந்த விதியை எழுதியவர்கள் வெளிநாட்டவருக்குக் கடிதம் எழுதப்போவதாக நினைக்கவில்லை. அவர்கள் நினைத்தது தேடிப்போவதை. ஆகவே அந்த முகவரி கடிதம் எழுதுபவரின் மேசைக்குப் போகாததில் வியப்பில்லை. தபாற் கந்தோரில் கொடுக்கும் முகவரி மாற்றமோ இந்த இரண்டில் ஒன்றையும் தொடாது. நண்பரின் பெறாமகன் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

இணையவழியில் ஒரே படிவத்தால் சட்டக் கடமையையும் நிலுவையிலுள்ள பெரும்பாலான விண்ணப்பங்களின் முகவரியையும் ஒருங்கே மாற்றும் வசதி 2023 ஒக்டோபரில்தான் வந்தது. சட்டம் வந்து 83 ஆண்டுகள் கழித்து!

அப்போதும் மூன்றாவது பதிவேடு ஒன்று எஞ்சி நிற்கின்றது. அது குடிவரவு நீதிமன்றம். நாடு கடத்தல் வழக்கில் உள்ளவர், புகலிடக் கோரிக்கை நீதிமன்றத்தின் முன் உள்ளவர் ஆகியோர் நீதிமன்றத்துக்கெனத் தனிப் படிவத்தில் ஐந்து நாட்களுக்குள் முகவரி மாற்றத்தை அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கவனிக்கும் நிறுவனத்துக்குச் சொன்னது நீதிமன்றத்துக்குச் சொன்னதாகாது. எம்மவர் அதிகம் அடிபட்ட இடம் இதுவென்றே பல சட்டத்தரணிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் 1996 ஆம் ஆண்டின் சட்டம். வெளிநாட்டவர் கடைசியாகத் தந்த முகவரிக்கு அறிவித்தலை அனுப்பினால் போதும்; அவர் வராவிட்டால் அவரில்லாமலே நாடு கடத்தும் கட்டளை பிறப்பிக்கலாம் என்றது அது. ஒரு கடிதம் வழிதவறினால், வழக்கைச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் ஒருவரது வழக்கு முடிந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டென்று 2001 இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை ஒரு வழக்கில் தீர்த்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் கையளித்த பத்திரங்களில் இருந்த முகவரிக்கு வழக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டிருந்தது. உரியவர் அங்கில்லை. முகவரி தரவேண்டிய கடமையையும் தராவிட்டால் நேரும் விளைவையும் சொல்வதே அந்த அறிவித்தல்தான். அது கையில் கிடைக்காதவர்மீது, அதில் சொன்னதைச் செய்யவில்லை என்று எப்படிப் பழி சுமத்துவது? சபை கேட்ட நியாயத்தின் சாரம் இதுவே.

அதைவிட விசித்திரமானது பெரேரா வழக்கு. பெரேரா என்றதும் பாணந்துறை, மொறட்டுவ என்று நினைத்துவிடாதீர்கள். இவர் பிரேசில் நாட்டவர். போர்த்துக்கீசர் எங்களுக்கும் பிரேசிலுக்கும் பொதுவாக விட்டுச்சென்ற பெயர் அது. மாசசூசெட்ஸ் கரையோரம் மார்த்தாஸ் வின்யாட் தீவில் குடியிருந்தார். 2006 இல் வழக்கு அறிவித்தல் ஒன்று அவர் கையில் நேரடியாகக் கொடுக்கப்பட்டது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பது அதில் இல்லை. பின்னர் அறிவிக்கப்படும் என்றிருந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து நீதிமன்றம் திகதியைக் குறித்துக் கடிதம் அனுப்பியது. அவர் தந்திருந்தது தபாற்பெட்டி முகவரி. கடிதம் போனதோ தெரு முகவரிக்கு. உரியவருக்குச் சேர்ப்பிக்க முடியவில்லை என்று கடிதம் திரும்பி வந்தது. திரும்பி வந்த கடிதம் கையில் இருக்கவே, 2007 இல் அவரில்லாமல் நாடு கடத்தும் கட்டளை பிறந்தது. 2013 இல் வாகனத்தின் விளக்கை ஏற்றாமல் ஓட்டியதற்காகப் பொலிஸார் மறித்தபோதே தமக்கெதிராக அப்படியொரு கட்டளை இருப்பது அவருக்குத் தெரிந்தது.

பழைய கட்டளை நீக்கப்பட்டு வழக்கு மீளத் திறக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றம் வரை போனது இன்னொரு கேள்வி. பத்தாண்டு தொடர்ந்து வசித்தவர் நிவாரணம் கோரலாம். வழக்கு அறிவித்தல் கொடுத்த அன்றே அந்தப் பத்தாண்டுக் கணக்கு நின்றுவிடும். நேரமும் இடமும் குறிப்பிடாத தாள் ஓர் அறிவித்தலாகுமா? ஆகாது என்று 2018 ஜூனில் எட்டு நீதியரசர்கள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். 2021 இல் குவாத்தமாலா நாட்டவர் ஒருவரின் வழக்கில், அந்த விவரங்கள் ஒரே தாளில் இருக்க வேண்டும், தவணை தவணையாக அனுப்ப முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. ஆனால் 2024 ஜூனில், முதல் தாளில் குறை இருந்தாலும் பின்னர் நேரமும் இடமும் சொல்லும் அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தால், அவரில்லாமல் பிறந்த கட்டளை நிற்கும் என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதே நீதிமன்றம் தீர்த்தது. இரண்டாவது கடிதம் எந்த விலாசத்துக்குப் போகிறது என்பது மறுபடியும் உயிர்நாடியாகிவிட்டது.

விலாசத்தை அரசாங்கத்துக்குச் சொல்ல எம்மவர் தயங்குவதை நான் அறியாமையென்று தள்ளிவிட மாட்டேன். யுத்த காலத்தில் கொழும்பில் வீட்டில் உள்ளோர் பட்டியலைப் பொலிஸில் பதிவதென்பது தமிழருக்கு எப்படியிருந்தது என்பது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தவர்களுக்குத் தெரியும். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். ஆயினும் பதிவில் இருந்த விலாசத்துக்கே பஸ் வரும் என்பதை ஒரு முறை கண்டவர், வேற்று நாட்டில் விலாசம் கேட்கும் படிவத்தைக் கண்டால் பேனாவைக் கீழே வைப்பது இயல்பு. விலாசத்தைச் சொன்னால் தேடி வருவார்கள். சொல்லாவிட்டால் கடிதம் வராது. அமெரிக்கச் சட்டம் இந்த இரண்டுக்கும் ஒரே படிவத்தைத்தான் வைத்திருக்கிறது.

இந்தத் தயக்கம் இன்னும் கூடியிருக்கும். 2025 ஜனவரியில் பதவிக்கு மீண்ட ஜனாதிபதி ட்ரம்ப், 1940 ஆம் ஆண்டுப் பதிவை முழுமையாக நடைமுறைப்படுத்தும்படி கட்டளையிட்டார். அதற்கான விதி ஏப்ரல் 11 இல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தடுக்கும்படி தொடுத்த வழக்கில் முதல் நாள்தான் நீதிபதி மறுத்திருந்தார். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர், 30 நாட்களுக்கு மேல் தங்குவோர், கைவிரல் அடையாளம், மாறினால் பத்து நாள் என்று எல்லாம் பழைய சொற்கள். கிறீன் கார்ட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏற்கெனவே பதிவானவர்களாகவே கருதப்படுகிறார்கள். பத்து நாள் விதி அவர்களுக்கும் உண்டு.

என் நண்பரிடம் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கியரி சட்டத்தில் தொடங்கியபோது இடைமறித்து, "தலையங்கம் எழுதாதையும், பெடியன் என்ன செய்யவேணும்?" என்றார். சொன்னேன். அன்றிரவே இணையத்தில் படிவத்தை நிரப்பி, கிடைத்த உறுதிப்படுத்தல் பக்கத்தைத் திகதியுடன் அச்சிட்டு வைத்தாராம். கைவிரல் அடையாளம் பதிந்தாயிற்று. நான்கு மாதங்களின் பின்னர் அட்டையும் நியூ ஜேர்சி விலாசத்துக்கே வந்து சேர்ந்தது. பஞ்சாபிக் குடும்பத்துக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

அட்டை வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்று நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டைக்காரருக்கும், பிரஜாவுரிமை பெறும் நாள் வரையில், அதே பத்து நாள்தான் என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பெடியன் ஓகஸ்டில் திரும்பவும் வீடு மாறப் போகிறானாம்.